ஒரே நாளில் இளகிய எலும்பு

என் கையிலருந்துதான்க்கா அந்த வாடை. நீங்க மூக்கைச் சுளிக்கும்போதே கண்டுக்கிட்டேன். பார்மலின். வெட்டி எடுத்த சதை கெட்டுப் போகாம இருக்க ஊத்துற மருந்து. எலுமிச்சம்பழம் தேச்சாலும் போகாது, சந்தன சோப்பு போட்டாலும் போகாது. கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரவுக, "பொண்ணு கட்டச் சொன்னா ஆஸ்பத்திரியக் கட்டி வச்சுட்டாங்களே"ன்னு சிரிப்பாக. சன்னலத் தொறந்துக்கோங்க. நான் கோவில்பட்டியில எறங்கிருவேன். நீங்க திருநெல்வேலியா? அப்பச் சரி, மிச்ச தூரம் நல்ல காத்து வாங்கிக்கிட்டே போகலாம்.

நர்ஸு இல்லக்கா. எல்லாரும் அதத்தான் கேப்பாக. நான் லேப் டெக்னீஷியன், மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில. ரத்தம் குத்தி எடுக்குற லேப் இல்ல. நோயாளி ஒடம்புலருந்து எடுக்குற சதைத் துணுக்கு எங்ககிட்ட வரும். அத மெழுகுல பொதிஞ்சு கட்டியாக்கி, மெசின்ல சீவி, கண்ணாடியில ஒட்டி, சாயம் ஏத்திக் குடுத்தா, டாக்டர் மைக்ராஸ்கோப்ல பாத்து இது புத்துநோய், இது வெறுங்கட்டின்னு எழுதுவாரு. சீவுறதுன்னா வாழைக்காய் சீவுற மாதிரி இல்ல. ஒரு தலைமுடிய இருபதா வகுந்தா எம்புட்டு இருக்கும், அம்புட்டு மெல்லிசு. இருபத்துமூணு வருசமா சீவுறேன், ஒரு சுருக்கம் விழாது. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், வேற என்ன இருக்கு எங்கிட்ட.

அதுலயும் வேகம். எங்க லேப்ல அவசரம்னா இந்தச் செல்வக்கனிதான். வைரவன் டாக்டர், எங்க பெரிய டாக்டர், அவரே சொல்லுவாரு, "மத்தவங்க மூணு நாள்ல குடுக்குறத கனி நாளைக்குக் குடுத்துரும்"னு. ரிப்போர்ட்டுக்காக வாசல்ல சனம் உக்காந்திருக்குமேக்கா, அந்த மூஞ்சிகளப் பாத்தா எனக்குக் கை பரபரங்கும். ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா ஒரு நாள் முன்னாடி வைத்தியம். இதுல என்ன தப்பு? சொல்லுங்க. தப்பா?

நீங்க ஒண்ணும் சொல்லலதான். நானாத்தான் கேக்குறேன்.

எங்க வீட்டுக்காரவுக பேரு தவசிமுத்து. கோவில்பட்டியில மைக்செட் வச்சிருக்காக. தவசி சவுண்ட் சர்வீஸ்னா சுத்துப்பட்டி பூராத் தெரியும். நான் வாரத்துல அஞ்சு நாள் மதுரையில ஆஸ்டல், சனிக்கிழம வந்தா திங்கக்கிழம காலையில போவேன். இருபது வருசமா இப்படித்தான் ஓடிருச்சு. பிள்ளை இல்ல எங்களுக்கு. அதுக்கு ஒரு நாளு ஒரு பேச்சு வராது அவுக வாயிலருந்து. பீடி சிகரெட்டு தொட மாட்டாக. பாக்கு கூடப் போட மாட்டாக. பந்தல்ல எவனாவது பீடியப் பத்த வச்சா, மைக்குலயே சொல்லுவாக, "செகப்புச் சட்டை போட்ட அண்ணாச்சி கொஞ்சம் தள்ளிப் போயி ஊதவும்"னு. அம்புட்டு நக்கல்.

அந்த மனுசனுக்கு நெஞ்சுல புத்து. நாப்பத்துநாலு வயசுல.

தை மாசம் இருமல் வந்துச்சு. பனின்னாக. பங்குனியில இடுப்பு வலி. கோயில் பொங்கல் சாட்டி ஊரூரா பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியத் தூக்கிட்டு அலையுறாகள்ல, தூக்குன வலின்னாக. நானும் அதத்தான் நெனச்சேன், தைலம் தேச்சு விட்டேன். சித்திரையில ஒரு நாள் வேன்லருந்து எறங்க முடியாம நடு ரோட்டுல அப்படியே உக்காந்துட்டாக. மதுரைக்குக் கூட்டியாந்து ஸ்கேன் பண்ணுனா, நெஞ்சுல பெரிய கட்டி, அங்கருந்து எறங்கி இடுப்பெலும்பையும் அரிச்சிருக்கு. நெஞ்சுக்குள்ள இருக்குறது பெரிய ரத்தக்குழாய் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, அங்க ஊசி போட்டா ஆபத்து, இடுப்பெலும்புலருந்தே ஒரு துணுக்கு எடுப்போம்னாக. எடுத்தாக. அவுக போட்ட சத்தம் வராண்டாவுல எனக்குக் கேட்டுச்சு. மைக்கு வேண்டாத தொண்டைக்கா அது.

அந்தத் துணுக்கு நம்ம லேப்புக்குத்தான வரும்? வந்துச்சு. சின்ன பாட்டில்ல, குச்சி ஐஸ் குச்சியில கால்வாசி கூட இருக்காது. பாட்டில் மேல பேரு எழுதி ஒட்டியிருக்கு. தவசிமுத்து, ஆண், 44. இருபத்துமூணு வருசத்துல எத்தன ஆயிரம் பாட்டில் பாத்திருப்பேன்! பேரப் படிச்சதே இல்ல, நம்பரத்தான் பாப்பேன். அன்னைக்குப் படிச்சேன்.

யாரும் தொடக் கூடாதுன்னுட்டேன். நானே பண்றேன்னுட்டேன். எலும்பு கல்லு மாதிரி இருக்கும்ல, அப்படியே சீவ முடியாது, கத்தி மொக்கையாயிரும். மொதல்ல அதுல இருக்குற சுண்ணாம்பக் கரைக்கணும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு மெதுவா கரைக்கிற தண்ணி, ஆறு நாள் ஊறணும். இன்னொண்ணு கடுசான ஆசிட், ஒரு நாள்ல இளகிரும். லூர்துமேரின்னு ஒருத்தி எங்கூட வேல பாக்குறா, எனக்கு அஞ்சு வருசம் இளையவ. அவ பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "அக்கா, மெதுவாவே போடுவோம்க்கா, பதறாத காரியம் சிதறாது"ங்குறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஒம் புருசன்னா ஆறு நாள் ஒக்காந்திருப்பியாடி?"ன்னு கேட்டுட்டேன். வாய மூடிக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் மத்தியானத்துக்கெல்லாம் எலும்பு வெண்ணெய் மாதிரி ஆயிருச்சு. சாயங்காலம் மெழுகுல போட்டேன். அதுக்கு மறுநாள் பத்து மணிக்கு வைரவன் டாக்டர் டேபிள்ல ஸ்லைடு. அவரே அசந்து போயிட்டாரு. "அதுக்குள்ளயா?"ன்னாரு.

எந்தப் பொண்டாட்டிக்கா புருசனுக்கு இப்படிச் செஞ்சிருப்பா?

விருதுநகரு தாண்டிருச்சா? ரோட்டுல புழுதி. இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

புத்துன்னு அன்னைக்கே எழுதிட்டாரு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த வகை புத்துல ஒரு சூட்சுமம் இருக்குக்கா. சில பேருக்கு ஒரு ஜீன் ஒடஞ்சு போனதாலதான் அது வந்திருக்கும். பீடி சிகரெட்டுத் தொடாதவுக, சின்ன வயசுக்காரவுக, இவுகளுக்குத்தான் அது கூடுதலா இருக்கும். அப்படி இருந்துட்டா மாத்திரை இருக்கு. ஊசி இல்ல, முடி கொட்டாது. மாத்திரை. ஸ்ட்ரெச்சர்ல படுத்து வந்தவுக ரெண்டு மாசத்துல நடந்து வந்து எங்க லேப்புக்கு மிட்டாய் குடுத்துட்டுப் போனத நான் கண்ணால பாத்திருக்கேன். ஜீன் ஒடையலன்னா, வழக்கமான கீமோதான். அது எம்புட்டு நாளு தாங்கும்னு எனக்கும் தெரியும்.

ஜீன் ஒடஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்குறது? அதுவும் எங்க லேப்லதான், நாந்தான் பாக்குறது. அந்த ஜீனத் தேடிப் போயி ஒட்டிக்கிற ஒரு சாயம் இருக்கு. ஜீனோட ஒரு முனையில செவப்பு, மறு முனையில பச்சை. நல்ல ஜீன்ல ரெண்டு பொட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒடஞ்ச ஜீன்ல செவப்பு தனியா பச்சை தனியா விலகி நிக்கும். இருட்டு ரூம்ல, அதுக்குன்னு இருக்குற மைக்ராஸ்கோப்ல பாத்தா மின்மினிப் பூச்சியாட்டம் மின்னும். விலகி நின்னா மாத்திரை. அம்புட்டுத்தான்.

கதவச் சாத்திட்டு உக்காந்தேன். மாரியாத்தா, விலகி நிக்கட்டும் ஆத்தா, விலகி நிக்கட்டும்னு சொல்லிக்கிட்டே கண்ண வச்சேன். ஒண்ணும் இல்லக்கா. செவப்பும் இல்ல, பச்சையும் இல்ல. சும்மா நீலமா செல்லு மட்டும் தெரியுது. ஒட்டியும் நிக்கல, விலகியும் நிக்கல. நோயில்லாத மனுசன் சதையில கூட ரெண்டு பொட்டு தெரியணுமே! ஆம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஊமையா இருக்கு.

அந்த மைக்ராஸ்கோப் லைட்டு பழசு. மாத்துங்க மாத்துங்கன்னு நாலு தடவ எழுதிக் குடுத்திருக்கேன். சாயப் பாட்டிலையும் யாரோ தொறந்து பிரிட்ஜுக்கு வெளிய வச்சிருக்காக. லூர்துவாத்தான் இருக்கும். ஸ்லைடச் சூடு பண்ற அடுப்பும் அன்னைக்குச் சரியில்ல. இம்புட்டையும் வச்சுக்கிட்டு ஒருத்தி என்னத்தப் பண்ணுவா? வைரவன் டாக்டர் கேட்டாரு, "என்னம்மா ஆச்சு?"ன்னு. "லைட்டு மங்கல் சார், கொஞ்சம் மங்கலாத் தெரியுது, நான் எடுத்துர்றேன்"னேன். எம்மேல அவருக்கு நம்பிக்க. சரின்னுட்டாரு. சென்னைக்கு ஒரு பெரிய லேப்புக்கு அனுப்பிப் பாப்போமான்னாரு. எம்புருசன் சதைய கூரியர்ல எவன் கைக்கோ அனுப்பவா? வேண்டாம்னுட்டேன்.

அன்னைலருந்து ஏழு வாரம்க்கா.

மங்கலா இருந்தா வெளிச்சத்தக் கூட்டணும், அதான முறை? சதைய எளக்குற மருந்துல பத்து நிமிசம் வைக்கிறத இருபதாக்குனேன், முப்பதாக்குனேன். சூட்டக் கூட்டுனேன், கொறச்சேன். சாயம் ஒரு ராத்திரி ஊறுறத ரெண்டு ராத்திரி ஊற விட்டேன். பெறகு இன்டர்நெட்ல தேடித் தேடிப் படிச்சேன். எனக்கு இங்கிலீசு தத்துப்பித்து, டிக்சனரிய மடியில வச்சுக்கிட்டுப் படிப்பேன். ஜெர்மனியில ஒரு வாத்தியாருக்கு எழுதிப் போட்டேன், பாவம், அந்த மனுசன் பதில் போட்டாரு. ஒரு சாயப் பொட்டு ஒட்டுன எடத்துல, அது மேல இன்னொன்ன ஒட்ட வைக்கணும், அது மேல இன்னொன்னு. ஒரு விளக்கு எரியிற எடத்துல நூறு விளக்கு ஏத்துற மாதிரி. கடுகு அளவு இருந்தாலும் பளிச்சுனு காட்டிக் குடுத்துரும்.

பழைய நோயாளிங்க மெழுகுக் கட்டிகள எடுத்துச் செஞ்சு பாத்தேன். ரெண்டு வருசத்துக்கு முந்துன கட்டி, பொட்டு தெரிஞ்சும் தெரியாமயும் இருந்தது, இப்ப கார்த்திகை தீபம் மாதிரி எரியுது! வைரவன் டாக்டர் நாற்காலிய விட்டே எந்திரிச்சுட்டாரு. "கனி, இது பெரிய வேலைம்மா, எழுதி வைப்போம்"னாரு. ராஜபாளையத்துலருந்து ஒரு டீச்சர், அவுகளுக்கு மூணு லேப்ல ஒண்ணும் தெரியலன்னுட்டாக. நான் பாத்தேன். விலகி நிக்குது, அழகா, தனித்தனியா. மாத்திரை ஆரம்பிச்சு இப்ப அவுக பள்ளிக்கூடத்துக்கே போறாகளாம். அவுக மகன் வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதான். நல்லா இருக்கட்டும். அவுக நல்லா இருக்கட்டும்க்கா, நான் ஒண்ணும் வயிறு எரியல. ஆனா ராத்திரி ஆஸ்டல்ல படுத்தா வயிறு எரியத்தான் செஞ்சுச்சு.

ஊரு ஒலகத்துக்கெல்லாம் எரியுது, எம்புருசனுக்கு மட்டும் எரியல. ஒவ்வொரு தடவையும் இருட்டு. நீல நீலமா செல்லு, உள்ள ஒண்ணுமில்ல. ஒவ்வொரு தடவ பாக்கவும் மெழுகுக் கட்டியிலருந்து ஒரு சீவல் போகுதுல்ல? இருந்ததே குச்சி. தேஞ்சுக்கிட்டே வருது. அங்க அவுகளும் தேஞ்சுக்கிட்டே வாராக.

சாத்தூரு வெள்ளரிக்கா வாங்குறீகளா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம். போப்பா, வேண்டாம்.

சனி ஞாயிறு ஊருக்குப் போறத நிப்பாட்டிட்டேன். லேப்லயே கெடந்தேன். நாத்தனாதான் கஞ்சி வச்சுக் குடுக்குது அவுகளுக்கு. ரெண்டு தடவ கீமோ போட்டாக, ஒடம்பு தாங்கல, எழுவத்திரெண்டு கிலோ இருந்த மனுசன் அம்பதுக்கு வந்துட்டாக. நாத்தனா போன்ல திட்டும், "அண்ணே சன்னலயே பாத்துக்கிட்டுக் கெடக்கு, நீ அங்க கண்ணாடியப் பாத்துக்கிட்டுக் கெட"ன்னு. அதுக்கு என்ன தெரியும்? நான் அவுகளுக்காகத்தான கெடந்தேன்! கால் அமுக்கி விட்டா ஜீன் தெரிஞ்சுருமா?

அவுக திட்ட மாட்டாக. போன்ல கேப்பாக, "என்ன கனி, லைட்டு எரிஞ்சுச்சா?"ன்னு. ஒரு நாள் சாய வேலைய மட்டும் வெவரமா சொன்னேன், நூறு விளக்கு கதையெல்லாம். கேட்டுட்டு இருமுனாக, ரொம்ப நேரம் இருமுனாக. பெறகு சொல்றாக, "கனி, மைக்குக்கு முன்னால ஆளு இருந்து மெதுவாப் பேசுனா ஆம்ப்ளிபயரக் கூட்டலாம், நல்லாக் கேக்கும். ஆளே இல்லன்னா எம்புட்டுத்தான் முறுக்கு, உஸ்ஸுன்னு எரைச்சல்தான் வரும். மொதல்ல ஆளு நிக்கானான்னு பாரு." எனக்கு எரிச்சல். "பத்தாங்கிளாஸ் பெயிலு, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீகளாக்கும்"னேன். சிரிச்சாக. நானும் சிரிச்சேன். வச்சுட்டு அழுதேன்.

போன வெள்ளிக்கிழம கடைசி சீவல். அதோட கட்டி காலி. வெறும் மெழுகுதான் மிச்சம். எல்லாத்தையும் உச்சத்துல வச்சேன். நூறு விளக்குக்கு எரநூறு. சாமி கும்பிட்டுட்டு இருட்டு ரூமுக்குப் போயி கண்ண வச்சா...

எரியுதுக்கா! செவப்பு, பச்சை, செவப்பு, பச்சை, எங்க பாத்தாலும்! ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, தனித்தனியா, விலகி விலகி! நான் கத்திட்டேன். லூர்து ஓடியாந்தா. அவளக் கட்டிப் பிடிச்சு முத்தமே குடுத்துட்டேன். ஏழு வாரமா அவகூடப் பேசல நானு. வைரவன் டாக்டர் ரூமுக்குச் செருப்பு இல்லாம ஓடுனேன். "சார், விலகி நிக்குது சார், மாத்திரை எழுதச் சொல்லுங்க சார்!"

வந்து உக்காந்தாரு. பாத்தாரு. பாத்தாரு. ஸ்லைட அங்கிட்டு நகட்டுனாரு, இங்கிட்டு நகட்டுனாரு. "கனி, நீ வந்து பாரு"ன்னாரு. "எங்க சார் பாக்க?" "செல்லுக்கு வெளிய பாரு." பாத்தேன். சதையே இல்லாத எடம் இருக்கும்ல, வெறுங்கண்ணாடி. அங்கயும் செவப்பு பச்சை. அங்கயும் விலகி விலகி. சதையே இல்லாத எடத்துல ஜீன் ஏது? "சாயம் போடாத சீவல் ஒண்ணு பக்கத்துல வச்சியா, ஒத்துப் பாக்க?" "இருந்ததே ஒண்ணுதான சார்." எனக்கு அப்பவும் புத்தி வரல. "சார், செல்லுக்குள்ள இருக்குறத மட்டும் எண்ணுவோம் சார், ஒரு கையெழுத்துதான சார்"ங்குறேன். கால்ல விழுந்துட்டேன்க்கா. இருபத்துமூணு வருசமா நாற்காலியப் போட்டுச் சரிக்குச் சரி உக்காந்து பேசுன மனுசன் கால்ல.

தூக்கி விட்டாரு. "ஜீன் ஒடையாதவருக்கு அந்த மாத்திரையக் குடுத்தா ஒண்ணும் கேக்காதும்மா. இருக்குற நாளும் போயிரும். தெரிஞ்சே என்னையப் பொய்யெழுதச் சொல்றியா?"ன்னாரு. பெறகு அந்த ஸ்லைட மறுபடி பாத்துட்டுக் கேட்டாரு, "எலும்ப எதுலம்மா கரைச்ச?"

"ஆசிட்ல சார்."

"எந்த ஆசிட்ல?"

"அவசரத்துக்குப் போடுவோம்ல, அதான் சார். ஒரே நாள்ல முடிச்சேனே, நீங்க கூட..."

கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சுட்டாரு. ரொம்ப நேரம் கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. "அது சுண்ணாம்ப மட்டுமா தின்னும்? உள்ள இருக்குற ஜீனையும் சேத்துத் தின்னுரும் கனி. சுவரு நிக்கும், அதனாலதான் புத்துன்னு நான் எழுத முடிஞ்சுச்சு. வீட்டுக்குள்ள ஆளு இல்ல. நீ ஏழு வாரமா ஆளில்லாத வீட்டுல வெளக்கப் பிடிச்சுக்கிட்டுத் தேடியிருக்க." பெறகு சொன்னாரு, "மறுபடி குத்தித்தான் எடுக்கணும். மெதுவாக் கரைக்கணும். ஏழு வாரம் முந்தியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருக்கலாம்"னு.

நான் விட்டனா? சண்டைக்குப் போனேன். "இருபத்துமூணு வருசமா இதே ஆசிட்தான் சார் போடுறேன், ஒரு ரிப்போர்ட் தப்புன்னு வந்திருக்கா?"ன்னேன். வரலயேக்கா! அதெல்லாம் புத்தா இல்லையான்னு மட்டும் பாக்க வந்தது. ஜீன் பாக்கணும்னு வர்றது இப்ப ரெண்டு மூணு வருசமாத்தான். அதுக்கு மெதுவான தண்ணிதான்னு சுவத்துல பேப்பர் ஒட்டியிருக்கு. நாந்தான் ஒட்டுனேன், டாக்டர் சொல்லி. ஆனா அந்த லைட்டு மட்டும் புதுசா இருந்திருந்தா... இல்ல, லைட்டு இருக்கட்டும். அந்தச் சாயப் பாட்டிலு...

இருங்க. மூச்சு வாங்குது.

மூணு நாளா வீட்டுக்குப் போன் பண்ணல. என்னன்னு சொல்ல? இன்னைக்குக் காலையில அவுகளே கூப்புட்டாக. கொரலு வெளிய வரல, காத்துதான் வருது. "வைரவன் டாக்டர் பேசுனாரு கனி. வியாழக்கிழம இன்னொரு தடவ குத்தணும்னாரு. சரின்னுட்டேன்." "எதுக்குன்னு சொன்னாரா?"ன்னேன். "சதை பத்தலயாம்"னாக. அப்பாடான்னு இருந்துச்சு. தாங்குவீகளான்னு கேட்டேன். "பெட்டி தூக்குன இடுப்புதான, தாங்கும்"னாக. அவுகளால இப்ப மல்லாக்கப் படுக்க முடியாதுக்கா. உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாக.

பெறகு சொல்றாக, "இந்தத் தடவ லூர்துமேரி பாக்கட்டும் கனி. நீ வீட்டுக்கு வா. ஆறு நாளும் எம்பக்கத்துல இரு."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! என்னைய விட லூர்து கெட்டிக்காரியா? எம்புருசனே என்னைய நம்பலன்னா எவ நம்புவா? வச்சுட்டேன் போன. குளிச்சேன், சேல கட்டுனேன், மாட்டுத்தாவணி வந்து பஸ் ஏறி உங்க பக்கத்துல உக்காந்தேன். அதுவரைக்கும் கொதிச்சுக்கிட்டேதான் வந்தேன்.

திருமங்கலம் பாலத்துல பஸ் ஏறும்போதுதான்க்கா ஒறச்சுச்சு. லூர்துவ அவுக பாத்ததே இல்ல. நான் பேரும் சொன்னதில்ல, கோவத்துல அவ பேர எடுக்குறதே இல்ல வீட்டுல. அப்புறம் எப்படி லூர்துமேரின்னு சொன்னாக? ஆறு நாளுன்னு எப்படிச் சொன்னாக? ஆறு நாள் ஊறுற கணக்கு அவுகளுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அவுகளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் சதை பத்தலயாம்ங்குறாக. மூச்சு விட முடியாம உக்காந்துக்கிட்டு எனக்குப் பொய் சொல்றாக.

அழல, அழல. நீங்க பதறாதீக. கண்டக்டர் பாக்குறாரு, ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க.

வியாழக்கிழம குத்துனா, ஆறு நாள் ஊறணும், மெழுகு, சீவல், சாயம், எல்லாம் சேத்து பத்து நாளாயிரும். பத்து நாள் இருப்பாகளா சார்னு கேட்டேன். டாக்டர் போன எடுத்து வியாழக்கிழமைக்கு எடம் கேட்டாரு. என்னால முன்னக்கூட்டி ஒரு நாளு கூட இழுக்க முடியாது. தெரியும். இருபத்துமூணு வருசமா ஊருக்கெல்லாம் நாளக் கொறச்சுக் குடுத்தவ, கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். உக்காருறேன். அவுக பக்கத்துல உக்காருறேன். ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்லக்கா? தெரியாத மாதிரி அவுகளும் செய்யாத மாதிரி நானும் பத்து நாளு உக்காந்திருக்க முடியுமா? ஒரு வேள அவுக போயிட்டாகன்னா, அந்தப் பொய்யோட போயிட்டாகன்னா, நான் என்னத்துக்காகுவேன்?

பாலத்துலருந்து சொல்லிப் பாக்குறேன்க்கா உங்ககிட்ட. அதுக்குத்தான் வாய தொறந்ததே. ஒவ்வொரு தடவையும் லைட்டு, பாட்டிலு, லூர்துன்னு எங்கயாச்சும் ஓடிருது வாயி. நாலாட்டின்புத்தூர் போர்டு வந்தா... இல்லல்ல, அது கோவில்பட்டிக்கு அங்கிட்டுல்ல இருக்கு. எனக்கு ஊரே மறந்து போச்சு. அந்தா கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசெல்லாம் வந்துருச்சு. இன்னும் அஞ்சு நிமிசம்தான். ஒரு தடவ நேராச் சொல்லிரட்டுமா? உங்கள அவுகன்னு நெனச்சுக்கிறேன். தப்பா எடுத்துக்காதீக. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், மூஞ்சிய மட்டும் திருப்பாம வச்சுக்கோங்க.

ஏங்க. ஒங்க எலும்ப நாந்தான் ஆசிட்ல போட்டேன். லூர்து வேண்டாம்னு சொன்னா. மெதுவாப் போடணும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். ஏழு வாரம் அத டாக்டர்கிட்ட மறைச்சேன். ஒங்களுக்குச் சீக்கிரம் மாத்திரை கெடைக்கட்டும்னுதான்...

இல்லக்கா. அந்தக் கடைசி வரி வேண்டாம். அதச் சொன்னா "போகுது விடு கனி"ன்னுருவாக. அது வேண்டாம்.

இன்னொரு தடவ சொல்றேன், கேளுங்க. ஏங்க, நாந்தான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்.